கிழங்கும் எதிர்ப்பொருளும்: காரவள்ளிச் சாலையோர மூட்டுவலி மருந்தும் முடக்குவாதத்தின் நோயெதிர்ப்பியலும்

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ஏறுபவர்களுக்குக் காரவள்ளிதான் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வழியின் சாலையோரக் கடைகளிலும், மேலே சோளக்காட்டுச் சந்தையிலும், அறப்பளீசுவரர் கோயில் பக்கமும் பழுப்பு மயிர் போர்த்த ஒரு கிழங்கைக் குவித்து விற்கிறார்கள். முடவாட்டுக்கால் என்று பெயர். மயிரைச் சீவித் தோலெடுத்து இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சூப். ‘முட்டி வலி போகும்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குபவர்களும் அதற்காகவே வாங்குகிறார்கள். தாவரவியலார் இதை ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா என்பர். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணி வகை. கிழங்கென்று நாம் சொல்வது அதன் தண்டு.

இந்தக் கிழங்கு முடக்குவாதத்தைக் குணப்படுத்துவதாக ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டுவிட்டது என்ற பேச்சு இன்று பரவலாக இருக்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் எலி ஆய்வுகள் உண்மையானவை. ஆனால் அவை விடை தேடிய கேள்வி வேறு, முடக்குவாதம் எழுப்பும் கேள்வி வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். எலியின் பாதத்தில் வீக்கம் வற்றுகிறதா என்று அவை பார்த்தன. முடக்குவாதமோ, மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மூட்டுக்கு வெளியே தொடங்கிவிடும் நோய். இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காத வரை கிழங்கைப் புகழ்வதற்கும் ஆதாரமில்லை, இகழ்வதற்கும் ஆதாரமில்லை.

ஒரு வலி, பல நோய்கள்

சூப் குடிக்க வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய் இல்லை. பெரும்பாலோருக்கு இருப்பது முழங்கால் தேய்மானம். ‘சவ்வு தேஞ்சு போச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். வயதும் உடல் எடையும் பழைய அடிகளும் இதற்குக் காரணங்கள். நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இதில் துணைப்பங்குதான். யூரிக் அமிலப் படிகம் மூட்டில் இறங்குவதால் வரும் கௌட் இன்னொன்று. மூன்றாவதாக, தமிழகம் மறக்க முடியாத சிக்குன்குனியா. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய இந்த வைரஸ், பல பத்தாண்டுகள் அடங்கியிருந்து 2006இல் திரும்பியது. அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டிருக்கலாம் என்று அரசு கணக்கிட்டது. காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டு வலி பலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில்.

நோயெதிர்ப்பு மண்டலமே சொந்த மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இவற்றிலிருந்து தனித்து நிற்பது. 1993இல் அ. ந. மாளவியா குழுவினர் டெல்லியை அடுத்த கிராமப்புறத்தில் நடத்திய கணக்கெடுப்பில் பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. மகாராஷ்டிரத்தின் பிக்வானில் அரவிந்த் சோப்ரா நடத்திய ஆய்வு இதைவிடச் சற்றுக் குறைவான அளவைக் காட்டியது. ஆயிரம் பெரியவர்களுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் என்று கொள்ளலாம். மூட்டுத் தேய்மானம் இதைப் போலப் பல மடங்கு. ஆகவே, சூப் குடித்துச் சுகம் கண்டதாகச் சொல்லும் நூறு பேரில் முடக்குவாதக்காரர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். அவர்களுடைய அனுபவத்தை மற்றவர்களின் அனுபவத்தோடு கலந்து எண்ணினால் கிழங்கைப் பற்றி எதையும் கற்க முடியாது.

நல்லதாகிவிட்டது என்ற சாட்சியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிக்குன்குனியா மூட்டுவலி பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். முடக்குவாதம் ஏறி இறங்கும் இயல்புடையது. கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு அடங்கி, பிரசவத்துக்குப் பின் மீண்டும் சீறும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் இந்தத் தணிவைத்தான் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். மஞ்சள் காமாலை வந்தபோதும் வலி அடங்குவதைக் கண்டார். அந்தத் தேடல் 1948இல் கார்டிசோன் என்ற மருந்துக்கும், 1950இல் நோபல் பரிசுக்கும் இட்டுச் சென்றது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்து தேடுவார். உச்சம் தானே இறங்கும்போது கையில் எந்தக் கிண்ணம் இருந்ததோ அதற்குப் பெயர் போகும். விற்பவரின் நேர்மையில் இதனால் குறை சொல்வதற்கில்லை. அவர் கண்டதைத்தான் சொல்கிறார்.

வீக்கத்துக்கு முந்தைய ஆண்டுகள்

1940இல் நார்வேயின் எரிக் வாலர், முடக்குவாத நோயாளி ஒருவரின் ரத்தநீர், முயலின் எதிர்ப்பொருள் பூசிய ஆட்டுச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். 1948இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் இதைத் தனியாகவே கண்டறிந்தார். இன்று ஆய்வகச் சீட்டில் ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ என்று எழுதி வருவது இதுதான்: உடலின் சொந்த எதிர்ப்பொருள்களையே குறிவைக்கும் இன்னோர் எதிர்ப்பொருள். இதை மட்டும் நம்பி நோயை முடிவு செய்வது நம் நாட்டில் ஆபத்து. காசநோய், தொழுநோய், நெடுநாள் தொற்றுகள், முதுமை எல்லாவற்றிலும் இது தலைகாட்டும். இந்த ஒரு சீட்டை வைத்தே முடக்குவாதம் என்று முத்திரை குத்தப்பட்டு வருந்துபவர்கள் பலர். சீட்டில் ‘இல்லை’ என்று வந்ததால் நோய் இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

உண்மையான திருப்பம் 1998இல் நெதர்லாந்தில் நிகழ்ந்தது. இந்நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள், சிட்ருலின் ஏறிய புரதங்களைத் தேடிப் பிடிக்கின்றன என்பதை வால்டர் வான் வென்ரோய் குழுவினர் காட்டினர். புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நேர்மின்னேற்றம் உடையது. பேட் எனும் நொதி அதைச் சிட்ருலினாக மாற்றும்போது அந்த மின்னேற்றம் போய்விடுகிறது. தோல் உருவாவதிலும், வீக்கம் கண்ட எந்தத் திசுவிலும் இம்மாற்றம் இயல்பாக நடக்கும். மாற்றம் நோயன்று; மாறிய புரதத்தை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் செய்வதே நோயின் தொடக்கம். ஆன்டி-சிசிபி என்ற சோதனை தேடுவது இந்த எதிர்ப்பொருளைத்தான்.

யாருக்கு இந்தப் பிழை நேர்கிறது? 1987இல் கிரெகர்சனும் சில்வரும் வின்செஸ்டரும் ஒரு விளக்கம் முன்வைத்தனர். நோயெதிர்ப்பை இயக்கும் டி செல்களுக்குப் புரதத் துணுக்கை ஏந்திக் காட்டும் ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். மூலக்கூறில் 70 முதல் 74 வரையான இடங்களில் ஒரு குறிப்பிட்ட அமினோ அமில வரிசை இருப்பவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது. ஏன் என்பது பின்னர் புரிந்தது. அந்த வரிசை, துணுக்கைத் தாங்கும் குழியில் நேர்மின்னேற்றத்தை வைக்கிறது. ஆர்ஜினின் அங்கே ஒட்டாமல் விலகும். மின்னேற்றம் இழந்த சிட்ருலின் வசதியாக அமரும். சாதாரண நிலையில் டி செல்கள் பார்த்தே இராத ஒரு துணுக்கு இப்படித்தான் அவற்றின் முன் வந்து நிற்கிறது. ஐரோப்பியர்களில் இந்த வரிசை பெரிதும் டி.ஆர்.4 வகைகளோடு வருகிறது. இந்தியர்களிடம் டி.ஆர்.4உடன் டி.ஆர்.10 வகையும் முக்கியமானது. பாடநூலில் ஐரோப்பிய வரிசையை மட்டும் மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களுக்கு இது அழுத்திச் சொல்லப்பட வேண்டும்.

மரபணு மட்டும் போதாது. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் கிளாரஸ்காக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வரிசையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றுப் புகையும் பிடித்தவர்களுக்கு, எதிர்ப்பொருள் உள்ள முடக்குவாதம் வரும் வாய்ப்பு இவை இரண்டும் இல்லாதவர்களைவிட 21 மடங்கு இருந்தது. புகை பட்ட நுரையீரலில் சிட்ருலின் பெருகுகிறது. பிழை அங்கே தொடங்கி மூட்டில் வந்து முடிகிறது என்பது அவர்களின் கருத்து. இது வலுவான கருத்துதான். ஆனால் நம் ஊரில் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு தாக்குகிறது, அவர்களில் புகைப்பவர் அரிது. எனவே இங்கே தொடக்கப்புள்ளியை வேறிடத்திலும் தேட வேண்டும். ஈறு நோய்க் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் தன்னிடமே ஒரு சிட்ருலின் நொதியை வைத்திருக்கிறது. கல்தூசு பட்ட நுரையீரலும் பட்டியலில் உண்டு. கற்குவாரிகளும் விறகடுப்பும் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இதைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது.

காலக்கணக்கு இன்னும் முக்கியம். ஆம்ஸ்டர்டாமில் ரத்த தானம் செய்தவர்களில் பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேரின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிப் பேரிடம், அறிகுறி தோன்றுவதற்கு முன்பே ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ஆகிய இரு எதிர்ப்பொருள்களில் ஒன்றாவது இருந்தது. அந்த முன்காலத்தின் இடைநிலை அளவு நாலரை ஆண்டுகள். மூட்டில் ஒன்றும் தெரியாத அந்த ஆண்டுகளில் எதிர்ப்பொருள் ஒரு புரதத்திலிருந்து பல புரதங்களுக்குப் பரவுகிறது: ஃபைப்ரினோஜன், விமென்டின், ஈனோலேஸ் என்று. 2024இல் லான்செட் இதழில் வந்த இரண்டு சோதனைகள், எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் மட்டும் உள்ள கட்டத்தில் டி செல்களின் கிளர்ச்சியைத் தடுக்கும் அபாட்டசெப்ட் கொடுத்து நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போட முடியும் என்று காட்டின. ஆஸ்பிரின் வகை மருந்து எதுவும் இதைச் செய்ததில்லை.

மூட்டுக்குள் நடப்பது

நோய் மூட்டுக்கு வந்தபின் கதை வேகமெடுக்கிறது. கண்ணாடித் தாள்போல் மெல்லியதாக இருக்க வேண்டிய மூட்டு உறை தடித்து, ரத்தக் குழாய்கள் முளைத்து, குருத்தெலும்பின் மேல் படர்கிறது. பெருவிழுங்கு செல்கள் டி.என்.எஃப். என்ற வீக்கத் தூதுப் புரதத்தைச் சுரக்கின்றன, அதைப் பின்பற்றி இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் சேர்ந்து, டி.என்.எஃப்.ஐத் தடுத்தால் மற்றவையும் தணிகின்றன என்று 1989இல் காட்டி, 1992இல் நோயாளிகளிடம் சோதித்தனர். இன்னொரு பக்கம் ராங்க்-எல் என்ற குறிப்பு மூலக்கூறு ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை எழுப்புகிறது. எலும்பை அரிப்பவை அவையே. வீக்கம், வலி, அரிப்பு மூன்றும் தொடர்புடையவை. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. வலி அடங்கிய மூட்டிலும் அரிப்பு நடக்கும்.

இன்டர்லூக்கின்-6 மூட்டோடு நிற்பதில்லை. கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, உடலில் இருக்கும் இரும்பைப் பூட்டிவைக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கு ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், பூட்டிய இரும்பின் மேல் இன்னும் கொஞ்சம் இரும்பு சேரும், அவ்வளவுதான். ‘காலையில கை மடக்க முடியுதா, எத்தனை நேரம் ஆகுது?’ என்று கேட்டு, விரல் கணுக்களைக் குறுக்காக லேசாக அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும், இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குவதும், நுனி விரல் மூட்டுகள் பெரும்பாலும் தப்புவதும் இந்நோயின் முகம். மிளகு பறிக்கவும் களையெடுக்கவும் கையை நம்பி வாழ்பவர்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

எலியின் பாதம் சொல்வதும் சொல்லாததும்

இப்போது கிழங்குக்கு வருவோம். 2010இல் எத்னோஃபார்மகாலஜி ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, இக்கிழங்கின் சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் குறைப்பதாகக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளின் முதல் கருவி கராஜீனன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருளை எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். 1962இல் வின்டர் குழுவினர் வகுத்த இம்முறை இந்தோமெத்தசின் போன்ற வலி மருந்துகளைச் சலித்தெடுக்கவே உருவானது. வீக்கத்தின் பிற்பகுதியை நடத்துவது ப்ராஸ்டகிளான்டின் என்ற வேதிப்பொருள். டி செல்லும் பி செல்லும் களத்துக்கு வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். இதில் தேறும் பொருள் ஆஸ்பிரினின் உறவு என்று சொல்லலாம்; அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது.

அடுத்த கருவி ஃப்ராய்ண்டின் துணைப்பொருள். காசநோய்க் கிருமி வகையைக் கொன்று எண்ணெயில் குழைத்து எலிக்குச் செலுத்தினால் இரண்டு வாரத்துக்குள் மூட்டுகள் வீங்கும். 1956இல் கார்ல் பியர்சன் விவரித்த இம்மாதிரியில் டி செல்கள் உண்மையாகவே பங்கெடுக்கின்றன. அதனால் இது முடக்குவாதத்துக்கு நெருக்கமானது என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் சிட்ருலின் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் முதிரும் அந்தக் கட்டம் இதில் இல்லை. முக்கியமான இன்னொன்று: இந்தோமெத்தசின் போன்ற வலி மருந்துகளே இந்த எலிகளின் எலும்பு அரிப்பை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. மனிதரில் அவை அரிப்பைத் தடுப்பதில்லை. எந்தக் கருவி, தடுக்காத மருந்தைத் தடுப்பதாகக் காட்டுகிறதோ, அந்தக் கருவியில் கிழங்கு தேறியது என்பதை முடக்குவாதத்துக்கான சான்றாக ஏற்க முடியாது. பல ஆய்வுகளில் சாறு கொடுக்கத் தொடங்குவதும் ஊசி போடுவதற்கு முன்போ அதே நாளிலோதான். எந்த நோயாளியும் நோய் வரும் முன் சூப் குடிக்க வருவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: வலி குறைவது சிறிய காரியமா? இல்லை. சிறிதும் இல்லை. ஆனால் வரலாறு ஒரு கசப்பான பாடத்தை வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, உலகெங்கும் மருத்துவர்கள் முடக்குவாதத்துக்கு முதலில் கொடுத்தது நிறைய ஆஸ்பிரின். வலுவான மருந்துகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தார்கள். நோயாளிகள் நன்றி சொன்னார்கள், வலி குறைந்தது. விரல்கள் கோணிக்கொண்டே போயின. 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் ப்ராஸ்டகிளான்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டியபோது, ஏன் அது மூட்டைக் காக்கவில்லை என்பதும் விளங்கத் தொடங்கியது. கிழங்கின் செயல் ஆய்வுகள் காட்டுவது போலவே அமைந்தாலும் அது நிற்கும் இடம் இதுதான். நவீன மருத்துவம் தன் சொந்த மருந்தைக் கொண்டு அரை நூற்றாண்டு செய்த தவற்றை மூலிகையைக் கொண்டு நாம் மறுபடி செய்யக் கூடாது.

அரிப்பைத் தடுக்கும் மருந்தின் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிர்மருந்துகளையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1948இல் அவர் மறைந்தார். 1951இல் குப்னர், அந்த வரிசையின் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டுக்கு இந்நோய்க்கென அமெரிக்க அனுமதி கிடைத்தது 1988இல்தான். இடையில் கழிந்த ஆண்டுகளில் எத்தனை கைகள் கோணியிருக்கும்! இன்றும் முதல் மருந்து அதுவே: வாரத்துக்கு ஒருமுறை, சிறிய அளவில். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையை அழித்துவிடும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் நாளைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். நோய் வெளிப்பட்ட முதல் சில மாதங்களில் தொடங்கினால் பலன் மிக அதிகம். கிழங்கால் விளையக்கூடிய முதன்மையான தீங்கு அதன் வேதிப்பொருளில் இல்லை. வலி தணிந்த அந்த மாதங்கள் சிகிச்சையின்றிக் கழிவதில் இருக்கிறது. மூலிகை என்ற பெயரில் விற்ற பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கண்ணெதிரே இடித்துக் கொதிக்கவைத்த சூப்புக்கு அந்தக் களங்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சூப்பை எப்படிச் சோதிப்பது

ஆய்வுக்கூடத்தில் கொடுத்தது பெரும்பாலும் எத்தனாலில் எடுத்த சாறு. மக்கள் குடிப்பது தண்ணீரில் கொதித்தது. இக்கிழங்கிலிருந்து பிரித்தவற்றில் ஃப்ரீடலினும் பீட்டா-சிட்டோஸ்டிராலும் நீரில் கரையாதவை. சூப்பில் அவை பெயரளவுக்கே இருக்கும். நாரிஞ்சின் சூடான நீரில் ஓரளவு கரையும், ஆனால் குடலிலிருந்து ரத்தத்துக்குச் செல்வது குறைவு. இங்கே மிளகைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது மனிதரின் ரத்தத்தில் மஞ்சளின் குர்க்குமின் அளவு 20 மடங்கு உயர்ந்தது. கொல்லிமலை மிளகு சூப்பில் சுவைக்காக மட்டும்தான் விழுகிறதா என்பது சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி. எனவே ஆய்வுப் பொருள் சாறு அன்று; அந்தச் சூப்பே ஆய்வுப் பொருளாக வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே மிளகு சீரகச் சூப், கிழங்கில்லாமல்.

நோயாளிகளை முதலில் ரத்தச் சோதனையால் பிரிக்க வேண்டும். ஆன்டி-சிசிபி உள்ளவர்கள் ஒரு தொகுதி. சிக்குன்குனியா வந்துபோன தடயத்தோடு நாள்பட்ட மூட்டுவலி உள்ளவர்கள் ஒரு தொகுதி. முழங்கால் தேய்மானம் ஒரு தொகுதி. இரண்டாவது தொகுதியைப் பிரிப்பதில் கவனம் தேவை. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஹைட்டி சென்று இந்த வைரஸ் தொற்றித் திரும்பியவர்களில் எட்டுப் பேர், 2010ஆம் ஆண்டின் முடக்குவாத வரையறைக்குள் அப்படியே பொருந்தினர். டி செல்களின் தோற்றத்திலும் வேறுபாடு காண்பது கடினமாக இருந்தது. பிரித்துக் காட்டக் கூடியவை சிட்ருலின் எதிர்ப்பொருளும் நோய் வந்த வரலாறுமே. முதல் தொகுதியில் யாருக்கும் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தக் கூடாது. சூப் அதன்மேல் கூடுதலாகவே வர வேண்டும். கல்லீரல் நொதிகளை மாதந்தோறும் பார்க்க வேண்டும். அளவுகோல் வலி மட்டுமாக இருக்கக் கூடாது: 28 மூட்டுகளின் வீக்க எண்ணிக்கை, ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி., மூட்டு உறையின் அல்ட்ராசவுண்ட், ஓராண்டுக்குப் பின் கை எக்ஸ்ரே. நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மலையடிவாரத்திலிருந்து எட்டும் தூரத்தில் இதைச் செய்யும் இடம் இருக்கிறது. கிழங்கு விற்கும் மலையாளிப் பழங்குடியினரை வெறும் தகவல் தருபவர்களாக வைக்காமல், எந்தப் பருவத்துக் கிழங்கு, எவ்வளவு நேரக் கொதி என்பவற்றை முடிவு செய்யும் இடத்தில் அமர்த்த வேண்டும்.

முடிவு எப்படி வந்தாலும் பயனுண்டு. முதல் தொகுதியில் வலி குறைந்து, அல்ட்ராசவுண்டில் உறையின் தடிப்பு மாறாமல் இருந்தால், கிழங்கு வலி மருந்து. வயிற்றுப் புண்ணால் ஆஸ்பிரின் வகைகளை உட்கொள்ள முடியாதவர்களுக்கு அதுவே பெரிய உதவியாகலாம். சிக்குன்குனியா தொகுதியில் கிழங்குச் சூப் குடித்தவர்கள் வெறும் மிளகுச் சூப் குடித்தவர்களைவிடச் சில மாதங்கள் முன்பே எழுந்து நடந்தால், இந்த வைரஸ் மூட்டுவலிக்கென உறுதிப்பட்ட மருந்தில்லாத உலகுக்கு அது புதிய செய்தி. இரு சூப்புக்கும் வேறுபாடே இல்லையென்றால், அதையும் சோளக்காட்டுச் சந்தையிலேயே தமிழில் அறிவிக்க வேண்டும். ஆன்டி-சிசிபி இருப்பதாகத் தெரிந்தவர்களின் பெயர்கள் எந்த முடிவுக்கும் காத்திராமல், அந்த வாரமே சிகிச்சைப் பதிவேட்டில் ஏற வேண்டும்.